டிரைவர் பக்கக் கதவு

2019 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். தண்ணீர் பிடித்தேன். இட்லி, வெங்காயச் சட்னி. மதியத்துக்கு இரண்டு டப்பாவில் எலுமிச்சைச் சாதம். சிதம்பரம் பேருந்து நிலையத்தில் 6.40 கடலூர் பஸ்ஸில் மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. பு.முட்லூரில் ஐந்து நிமிடம் நின்றது. புதுச்சத்திரத்திலிருந்து ஆலப்பாக்கம் வரை தூறல். 8.05க்குச் செம்மண்டலத்தில் இறங்கி, 8.20க்கு ஸ்டோர்ஸ் அறையைத் திறந்தேன். மேசையைத் துடைத்தேன். காலிப்பர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தேன். முந்தின நாள் வந்த இரண்டு பொட்டலங்களைப் பிரித்து எண்ணி, சீட்டு எழுதினேன். 10.15க்குத் தச்சர் கலியமூர்த்தியிடம் ஒரு பூட்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன்.

அன்றைய நாட்குறிப்பின் முதல் பாதி இவ்வளவுதான். ஏழு வருடமாக நான் திரும்பிப் பார்க்காத பக்கம் அது. போன மாதம் ஒரு போன் வந்ததால் எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

கடலூரில், பழைய கார்களைப் பிரித்துச் சீராக்கி மறுபடி ஓட வைக்கும் பட்டறை ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகள் ஸ்டோர்ஸும் கொள்முதலும் பார்த்தேன். போன வருடம் ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றேன். என் இடத்தில் இப்போது இருக்கும் ரேவதிதான் போன் செய்தது.

"அக்கா, சிதம்பரம் டாக்டரோட மர வண்டி சர்வீஸுக்கு வந்திருக்கு. வலது கதவுல சாவித் துளை இருக்கு, பித்தளை மூடி இருக்கு, உள்ள பூட்டே இல்ல. இது ஒரிஜினலா?"

"இல்லம்மா. அது தப்பாப் போட்ட துளை. மூடி நான் அப்பறமா தேடி வாங்கினது."

"பைல்ல கலியமூர்த்தின்னு ஒருத்தர் பேரு இருக்கு. அவரு தப்பா?"

"துளை போட்டது அவருதான்."

"நான் கேட்டது அது இல்லக்கா."

போனில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல. எழுதித் தருகிறேன் என்றேன். ரேவதிக்கு மட்டுமல்லாமல் இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் பி.காம். அஞ்சல் வழியில் படித்தவள். இருபத்திரண்டு வயதில் கடலூரில் ஒரு பஸ் கூண்டு கட்டும் பட்டறையில் ஸ்டோர்ஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். போல்ட்டும் நட்டும் எண்ணுவதில் பதினான்கு வருடம் போயிற்று. அந்தக் காலத்தில் கற்றதில் இந்தக் கதைக்கு வேண்டியது ஒன்றுதான். பஸ் பட்டறையில் யாரும் இடது, வலது என்று சொல்வதில்லை. வலது என்றால் டிரைவர் பக்கம், இடது என்றால் கிளீனர் பக்கம். ஜன்னல் கம்பி, இருக்கைச் சட்டம், கூரைத் தகடு எல்லாவற்றுக்கும் அதே கணக்கு. இடது வலது என்றால் பார்க்கிறவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்ற சண்டை வரும். டிரைவர் பக்கம் என்றால் சண்டையே கிடையாது.

அங்கே போர்மேனாக இருந்த தனகோபால் சார் வெளியே வந்து பழைய கார் பட்டறை ஆரம்பித்தபோது இரண்டு பேரை அழைத்துக்கொண்டார். ஒருவர் கலியமூர்த்தி. பஸ் கூண்டுகள் முழுக்க இரும்புக்கும் அலுமினியத்துக்கும் மாறி, மரவேலை தெரிந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டிருந்த சமயம் அது. இன்னொருவர் நான்.

சார் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். காகிதம் எதுவானாலும் நின்றுகொண்டேதான் படிப்பார். உட்கார்ந்து படித்தால் கண் ஓடிவிடும் என்பார். கடினமான எதையும் சொல்வதற்கு முன் கண்ணாடியைக் கழற்றி சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். அவர் கண்ணாடி பைக்குள் போனால் பட்டறையில் ரம்பம் நின்றுவிடும்.

பொருள் தேடுவதில் அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம் இது: "வண்டியோட பேரச் சொல்லித் தேடாதீங்க விமலா. கார் கம்பெனிக்காரன் பூட்டு செய்யல, ஆணி செய்யல. அவனும் எவன்கிட்டயோ வாங்கித்தான் மாட்டுனான். அந்த ஆளு யாருன்னு பாருங்க. அவன் வேற எதுக்கெல்லாம் அதையே வித்தான்னு பாருங்க."

டாக்டரின் வண்டி 2017இல் வந்தது. அண்ணாமலை நகரில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற டாக்டர் அவர். அவருடைய அப்பா, பாண்டிச்சேரியிலிருந்து ஊருக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாங்கிய கார். அடியில் இரும்புச் சட்டம், முன்புறம் தகரம். முன்கண்ணாடிக்குப் பின்னால் முழுவதும் மரம். கதவு, தூண், பின்புறத் தடுப்பு எல்லாம் மரச் சட்டத்தில் பலகை பதித்தவை. பிரெஞ்சுக்காரர் வண்டி என்பதால் ஸ்டீரிங் இடது பக்கம். டாக்டரின் அப்பா எப்போதோ பலகைகளை மாற்றி நம்மூர்ப் பலாவில் போட்டிருந்தார். அதையும் கறையான் தின்றுவிட்டது. கதவுச் சட்டங்கள் தப்பித்தன. பலகை தொட்டால் உதிர்ந்தது.

சார் முதல் வாரத்திலேயே முடிவு செய்தார்: பலகை பலாவிலேயே இருக்கட்டும், அதுவும் இப்போது இந்த வண்டியின் சரித்திரம்தான். கலியமூர்த்தி பண்ருட்டிப் பக்கம் மூன்று நாள் அலைந்து, ஓர் அகலப் பலகையைத் தேர்ந்தெடுத்தார். அதை ஒன்றரை வருடம் நிழலில் காய வைத்தார். பிறகு அதன் கனத்தைப் பாதியாக, நீளவாக்கில் இரண்டு பலகையாக அறுத்து, புத்தகத்தைத் திறப்பதுபோல் விரித்து, ஒரு பாதியை இடது கதவுக்கும் மறு பாதியை வலது கதவுக்கும் போட்டார். முன்னால் நின்று இரண்டு கதவையும் திறந்து வைத்துப் பார்த்தால் ரேகைகள் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிடித்ததுபோல் இருக்கும். அப்படிப்பட்ட இன்னொரு ஜோடி அந்த மரத்தில் இல்லை.

அந்தப் பலகைகளைப் பிடிக்கும் திருகுகளுக்கு நான் ஐந்து மாதம் அலைந்தேன். பித்தளைத் திருகு, தலையில் ஒரே ஒரு நேர்வெட்டு, முந்நூற்று நாற்பது எண்ணிக்கை. இப்போது கடையில் கிடைப்பதெல்லாம் கூட்டல் குறி போட்ட தலை. கடைசியில் பரங்கிப்பேட்டையில், படகுக்குச் சாமான் விற்கும் ஹாஜா பாய் என்பவரின் கடைப் பரணில் இருக்கிறது என்று தெரிந்து போனேன்.

"மரத்துல காரா?" என்று சிரித்தார் பாய். "எதுக்கும்மா, தண்ணில உடறதுக்கா?"

"ரோட்டுலதான் பாய் ஓடும்."

"ரோட்டுல ஓடறதுக்கு எதுக்குப் படகுச் சாமான் கேக்குறீங்க?"

"இரும்பு போட்டா மரம் கறுத்துடும் பாய். பித்தளைன்னா அப்படியே இருக்கும்."

"அது எனக்குத் தெரியும். எங்க மேஸ்திரிக்குத்தான் தெரிய மாட்டேங்குது." பரணில் ஏறிய ஆளிடம், "அந்தத் தகர டப்பா இல்லடா, அதுக்குப் பின்னாடி" என்று கத்திவிட்டு என்னிடம் திரும்பினார். "எங்க மாமனாரு காலத்துச் சாமான்மா. இத்தன வருசமா யாரும் கேக்கல. கேக்கற மொத ஆளு கார்க்காரவுங்களா இருப்பீங்கன்னு நெனைக்கவே இல்ல."

எண்ணிப் பார்த்தேன். முந்நூற்று அறுபத்தொன்று. அத்தனையும் கொண்டுவந்தேன்.

எந்தப் பொருள் வந்தாலும் அதற்குச் சீட்டு உண்டு. தடித்த அட்டையில் மேல் பாதி, கீழ் பாதி. நடுவில் கிழிக்க வசதியாக, நூல் கோக்காத தையல் மிஷினில் ஓட்டித் துளை போட்டு வைத்திருப்பேன். இரண்டு பாதியிலும் ஒரே விவரம்: பொருள், வந்த இடம், தேதி, வண்டியில் எங்கே போகிறது. நான் எழுதுவேன், சார் படித்துச் சுருக்கொப்பம் போடுவார். பொருளை வேலைக்குக் கொடுக்கும்போது கீழ் பாதி அதனோடு போகும். மேல் பாதி என் பைலில் இருக்கும்.

கடைசியாகக் கிடைத்தது பூட்டு. அந்த வண்டியில் வெளியிலிருந்து சாவி போட்டுப் பூட்டும் கதவு ஒன்றே ஒன்றுதான். மற்றதை உள்ளிருந்து தாழ் போட வேண்டும். எந்தக் கதவு என்பதைக் காட்டப் பழைய பலகை இல்லை. சட்டத்தில் இரு பக்கமும் பூட்டு உட்காரும் குழி இருந்தது. கம்பெனியில் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வெட்டியிருக்கிறார்கள். டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்னதை அன்றே குறிப்பில் எழுதிக்கொண்டேன்: "சாவி டிரைவர் பக்கக் கதவுலதான். அப்பா எறங்குவாரு, பூட்டுவாரு, சாவிய ஜிப்பா பைல போட்டுப்பாரு."

பூட்டு காணாமல் போய் முப்பது வருடம். ஆனால் இன்னொரு கதவின் தாழில் பூட்டுக் கம்பெனியின் முத்திரை இருந்தது. சார் சொன்ன வழியில் அந்த முத்திரையைத் தேடினேன். பதினான்கு மாதம் கழித்து, பண்ருட்டியில் பழைய இரும்பு வாங்கும் ஒருவர், "இந்தக் குறி போட்ட பூட்டு ஒரு முந்திரிக் கிடங்குக் கதவுல பாத்திருக்கேன்" என்றார். போய்ப் பார்த்தால், பிரித்துப் போட்ட ஒரு பழைய மர வேனின் கதவை அப்படியே கிடங்கின் பக்கவாசலுக்கு மாட்டி வைத்திருந்தார்கள். பூட்டு வேலை செய்தது. சாவி முதலாளியின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

மறுநாள் கலியமூர்த்தியையும் அழைத்துக்கொண்டு புதுப் பூட்டு ஒன்றோடு போனேன்.

"கதவோட வேணா எடுத்துக்கினு போங்க," என்றார் முதலாளி. "பூட்ட மட்டும் புடுங்கிட்டுப் போனா உள்ள இருக்கற கொட்டைக்கு யாரு காவலு?"

"மொதல்ல புதுசப் போட்டுட்டுதான் இதுல கைய வெப்பேன் மொதலாளி," என்றார் கலியமூர்த்தி. "அது வரைக்கும் நானே வாசல்ல குந்திக்கிறேன். எனக்கு முந்திரி ஒத்துக்காது, பயப்படாதீங்க."

முதலாளி சிரித்துவிட்டார். இரண்டு மணி நேர வேலை. ஒரு சிராய் கூடப் பெயராமல் பூட்டை எடுத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார் கலியமூர்த்தி.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் வீட்டுப் பேச்சு வந்தது. "பஸ் பட்டறைல இருந்து வந்தும் அந்தப் பேச்சு போவலம்மா. எங்க வீட்டுல கட்டிலுக்கே டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம்தான். நான் படுக்கறது கிளீனர் பக்கம். டிரைவரு யாருன்னு கேக்காதீங்க."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டு மறந்துபோனேன். இதை எழுதும்போது எனக்கு உறுத்துவது அதுதான். இருபது வருடம் ஒரு சொல்லோடு இருந்துவிட்டால் அதற்குள் டிரைவர் இல்லை, ஸ்டீரிங் இல்லை, அது வெறும் வலது பக்கம்தான் என்பதை அவர் என்னிடம் வேடிக்கையாகவே சொல்லிவிட்டார்.

பூட்டைச் சுத்தம் செய்து, சாவியைச் சரிபார்த்து, சீட்டு எழுதினேன். எங்கே போகிறது என்ற இடத்தில், டாக்டர் சொன்னதைக் குறிப்பிலிருந்து பார்த்து அப்படியே எழுதினேன்: டிரைவர் பக்கக் கதவு. சார் நின்றபடி படித்தார். சுருக்கொப்பம் போட்டார்.

ஜூலை 9 அன்று மரக்கூண்டு மட்டும் தனியே மரத் தாங்கிகளின் மேல் இருந்தது. அடிச்சட்டம் வெளியே வர்ணத்துக்குப் போயிருந்தது. ஸ்டீரிங் தண்டு கடைசல் பட்டறையில். உள்ளே இருக்கை கூட இல்லை. டிரைவர் எங்கே உட்காருவார் என்று காட்ட அந்தக் கூண்டில் ஒன்றுமே இல்லை. அந்தப் பூட்டு எந்தக் கதவுக்கும் பொருந்தும். நாக்கைத் திருப்பிப் போட்டால் போதும்.

கலியமூர்த்தி பூட்டை வாங்கிப் போய், முதலில் ஒரு வேண்டாத துண்டுப் பலாவில் துளை போட்டுப் பார்த்தார். பிறகு கதவில் மூன்று முறை அளந்தார். 11.40க்குக் கையால் சுற்றும் துரப்பணத்தை வைத்தார். நுனி உள்பக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, உள்ளிருந்து திரும்பப் போட்டு முடித்தார். விளிம்பில் ஒரு நார் கூடக் கிளம்பவில்லை.

12.30க்குச் சாப்பிடப் போகும் வழியில் நானும் பார்த்தேன். விரலால் விளிம்பைத் தடவினேன்.

"சுத்தமா வந்திருக்குண்ணே," என்றேன்.

"பலா நல்ல மரம்மா. சொன்னா கேக்கும்," என்றார்.

துளை வலது கதவில் இருந்தது. நான் பார்த்தேன், பாராட்டினேன், போய்ச் சாப்பிட்டேன். எனக்கு எதுவும் தவறாகத் தோன்றவில்லை.

3.20க்கு சார் டாக்டரையும் அழைத்துக்கொண்டு வந்தார். பூட்டு மாட்டுவதை நேரில் பார்க்க வேண்டும் என்று டாக்டர் கேட்டிருந்தார். வந்தவர் கூண்டைச் சுற்றி வந்தார், பலகையைத் தடவினார், துளைக்கு முன்னால் நின்றார்.

"இந்தப் பக்கம் இல்லையே," என்றார் மெதுவாக. "அப்பா இந்தப் பக்கம் எறங்க மாட்டாரே."

ரம்பம் நின்றது. சார் கூண்டின் முன்பக்கத்தைப் பார்த்தார், துளையைப் பார்த்தார்.

"கலியமூர்த்தி, சீட்டுல என்ன எழுதியிருக்கு?"

கலியமூர்த்தி பையிலிருந்து கீழ் பாதியை எடுத்துக் கொடுத்தார். சார் நின்றபடி படித்தார்.

"டிரைவர் பக்கக் கதவுன்னு இருக்கு. இந்த வண்டிக்கு டிரைவர் எந்தப் பக்கம்?"

கலியமூர்த்தியின் முகம் மாறுவதை நான் பார்த்தேன். அந்த நொடியில்தான் அந்தச் சொல்லுக்குள் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. சார் என் பக்கம் திரும்பினார்.

"விமலா, இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா சார்."

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க."

இதற்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டாக்டர், "பரவால்ல, பரவால்ல, பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சார் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

"ஒன்றரை வருசம் காய வெச்ச பலகை. இன்னொண்ணு இல்லன்னு எல்லாரையும் விட உங்களுக்குத்தான் தெரியும். பாக்காம கைய வெச்சிருக்கீங்க. நாளையிலேருந்து வர வேணாம். உளிப் பெட்டிய எடுத்துக்குங்க."

டாக்டர் உட்பட ஒன்பது பேர் இருந்தோம். கலியமூர்த்தி தன் உளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். துரப்பணம் பட்டறையுடையது, அதையும் துடைத்து இருந்த இடத்தில் மாட்டினார். ஸ்டோர்ஸ் வாசலைக் கடக்கும்போது, "வர்றேம்மா" என்றார். அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. மரவேலைக்கு ஆள் எடுக்கும் பஸ் பட்டறை அந்த வட்டாரத்தில் அப்போது ஒன்றுகூட இல்லை.

5.10க்குப் பூட்டுச் சீட்டின் மேல் பாதியைப் பைலில் வைக்க உட்கார்ந்தேன். அதே வண்டியின் முந்தைய சீட்டுகள் வரிசையாக இருந்தன. சும்மாதான் ஒன்றைப் புரட்டினேன். "கண்ணாடிச் சட்டத் திருகு, டிரைவர் பக்கம்." அது போனது வலது பக்கம். அடுத்தது: "தூண் இணைப்புத் தகடு, டிரைவர் பக்கம்." அதுவும் வலது. முழுப் பைலையும் எடுத்தேன். டிரைவர் பக்கம் என்று நான் எழுதிய சீட்டுகள் பத்தொன்பது. பதினெட்டில் அந்தச் சொல்லுக்கு வலது என்று பொருள். அவற்றைக் கலியமூர்த்தி வாங்கிப் போய் வலது பக்கம் மாட்டினார், நான் பார்த்தேன், சார் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. பத்தொன்பதாவதில் மட்டும் இடது. டாக்டர் பஸ் பட்டறை ஆள் இல்லை. அவருக்கு டிரைவர் பக்கம் என்றால் டிரைவர் உட்காரும் பக்கம். அவர் சொல்லை எங்கள் பாஷைக்கு மாற்றி எழுதுவதுதான் என் வேலை. நான் மாற்றாமல் இறக்கி வைத்துவிட்டேன்.

அந்த ஒரு சீட்டைத் தனியாக வைத்துப் பார்த்தால் அது சரி. மற்றப் பதினெட்டோடு சேர்த்துப் பார்த்தால், கலியமூர்த்தி நான் எழுதினதைத்தான் செய்திருக்கிறார். சேர்த்துப் பார்க்கக்கூடியவள் நான் ஒருத்திதான். பைல் என் அலமாரியில், சாவி என்னிடம்.

பைலைப் பூட்டிவிட்டு 6.15 பஸ்ஸில் கிளம்பினேன்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு பள்ளியில் கிளார்க், நிதானமான மனிதர். தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீ எழுதினது சரின்னு அவரே சொல்லிட்டாரு இல்ல? அப்பறம் இன்னா?"

"மத்த பதினெட்டு?"

"அத யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

"நாளைக்கு நீ போய் சொன்னேன்னு வெய்யி. உன்னையும் பெட்டிய எடுத்துக்கச் சொன்னா? இந்த வயசுல உனக்கு யாரு வேல குடுப்பா?"

"அவருக்கு யாரு குடுப்பா?"

அவர் தட்டை மறுபடி இழுத்துக்கொண்டார். "எத்தன மணி பஸ்ஸு?" என்று கேட்டார். சீக்கிரம் போவதாக இருந்தால் தானே பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார்.

நாட்குறிப்பில் அன்று கடைசியாக எழுதியது: "பூட்டுச் சீட்டு விஷயம். என் எழுத்து."

ஜூலை 10, புதன்கிழமை. 5.30 பஸ். 7.05க்குப் பட்டறை வாசலில் காவலாளியை எழுப்பிக் கதவைத் திறக்கச் சொன்னேன். பைலை எடுத்து, சாரின் மேசையில் பதினெட்டுச் சீட்டுகளை மூன்று வரிசையாகப் பரப்பினேன். பத்தொன்பதாவதைத் தனியே, கொஞ்சம் தள்ளி வைத்தேன். பக்கத்திலேயே நின்றேன். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

8.25க்கு சார் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பார்த்தார்.

"என்ன விமலா இது?"

"இந்தப் பதினெட்டுலயும் டிரைவர் பக்கம்னா வலது சார். இதுல மட்டும் இடது. ரெண்டையும் நான்தான் எழுதியிருக்கேன். அவரு என் எழுத்தப் பாத்துதான் துளை போட்டாரு. நேத்து மத்தியானம் அந்தத் துளைய நானும் பாத்தேன் சார். நல்லா வந்திருக்குன்னு சொன்னேன்."

அவர் முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் படித்தார். நின்றபடியேதான். கடைசிச் சீட்டை வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாம் முறை அவர் விவரத்தைப் படிக்கவில்லை; ஒவ்வொன்றின் மூலையிலும் இருந்த தன் சுருக்கொப்பத்தைப் பார்த்துக்கொண்டு போனார்.

"பத்தொம்பதுலயும் நான் கையெழுத்து போட்டிருக்கேன்," என்றார்.

"ஆமா சார்."

"நேத்து ஏன் சொல்லல?"

"தெரியல சார். பயம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் பையில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார். "கலியமூர்த்தி வீடு எங்க?" என்று கேட்டார். இந்தப் பட்டறையில் மட்டும் பதின்மூன்று வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவரின் வீடு அவருக்குத் தெரியாது. திருப்பாதிரிப்புலியூரில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் என்றேன்.

"போன் போடட்டுமா சார்?"

"போன்ல சொல்ற விஷயமா இது? ஏறுங்க வண்டில."

அந்த ஸ்கூட்டரில் நான் ஏறியது அன்று ஒருநாள்தான். தெருக் குழாயடியில் கலியமூர்த்தி பனியனோடு குடத்துக்கு வரிசையில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒதுங்கினார்கள், ஆனால் போகவில்லை.

சார் சுற்றி வளைக்கவில்லை. பதினெட்டுச் சீட்டைச் சொன்னார், தன் கையெழுத்தைச் சொன்னார். "தப்பு என் மேலதான் ஜாஸ்தி. வேலைக்கு வாங்க," என்றார்.

கலியமூர்த்தி தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"எனக்கும் தெரியாம இல்ல சார். அது இடது கை வண்டின்னு ரெண்டு வருசமா பாத்துக்கினுதான் இருக்கேன். கை பழகிடுச்சி. என் தப்பும் இருக்குது. ஆனா நேத்து அத்தினி பேரு முன்னாடி சொன்னீங்க. டாக்டரு முன்னாடி சொன்னீங்க. இப்ப இங்க, தண்ணிக் கொழாகிட்ட வந்து சொல்றீங்க."

"பட்டறையில எல்லார் முன்னாடியும் சொல்றேன்," என்றார் சார். "டாக்டருக்கும் நானே சொல்றேன்."

"சரி சார்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க எதுக்கும்மா இவ்ளோ தூரம்? நேத்து நீங்க ஒண்ணுமே சொல்லலியே."

அவர் அதை என்னை விடுவிப்பதற்காகச் சொன்னாரா, குத்திக் காட்டச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"அதச் சொல்லத்தான்ணே வந்தேன்."

அவர் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சட்டை போட்டுக்கொண்டு, பெட்டியோடு வந்தார். ஸ்கூட்டரில் மூவருக்கு இடமில்லை. அவரைப் பின்னால் ஏற்றி அனுப்பிவிட்டு நான் டவுன் பஸ் பிடித்தேன்.

9.50க்கு நான் போய்ச் சேரும்வரை யாரும் வேலையைத் தொடங்கவில்லை. சார் என்னை எதிர்பார்த்துக் காத்திருந்தார். அந்தக் கதவின் பக்கத்தில் நின்று, எல்லோர் முன்னாலும், முதலில் அவர் தன் தப்பைச் சொன்னார். அடுத்து நான் என்னுடையதைச் சொன்னேன்.